பம்ப் மோட்டாரைத் தனியாக விற்க வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மழைக்காலத்தில் இருசக்கர வாகனத்தைப் பராமரிப்பது பற்றித் தாங்கள் வெளியிட்ட கட்டுரையில் பிரேக், டயர், செயின் எல்லாம் இருந்தன. பெட்ரோல் டேங்குக்குள் இருக்கிற பம்பைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. போன மாதம் அந்தப் பம்பால் நான் பட்ட பாட்டை எழுதினால் நாலு பேருக்கு உதவும் என்று தோன்றியது.

என்னுடையது 2020இல் வாங்கிய 150 சிசி வண்டி. அந்த ஆண்டு ஏப்ரலில் பி.எஸ். 6 என்ற வாகனப் புகைக் கட்டுப்பாட்டு விதி வந்ததோடு, பெட்ரோலையும் காற்றையும் கலந்து இன்ஜினுக்குக் கொடுத்த கார்புரேட்டருக்கு ஏறக்குறைய வேலை இல்லாமல் போய்விட்டது. முன்பெல்லாம் டேங்கிலிருந்து பெட்ரோல் தானாக இறங்கும். இப்போது டேங்குக்குள்ளேயே மூழ்கிக் கிடக்கிற சின்ன மோட்டார்தான் அதை அழுத்தத்தோடு, இன்ஜினுக்குப் பெட்ரோலைத் தெளிக்கும் இன்ஜெக்டருக்குத் தள்ளுகிறது. சாவியைத் திருப்பியதும் இரண்டு மூன்று விநாடி 'உய்ங்' என்று கேட்கிறதே, அது இந்த மோட்டாரின் சத்தம். ஒரு நாள் காலையில் அந்தச் சத்தம் வரவில்லை. ஸ்டார்ட்டர் சுற்றுகிறது, வண்டி பிடிக்கவே இல்லை.

டெம்போவில் ஏற்றி சர்வீஸ் சென்டருக்குக் கொண்டுபோனேன். "பம்ப் போயிடுச்சு சார், செட்டாத்தான் மாத்தணும்" என்று சொல்லி 5,800 ரூபாய் எழுதிக் கொடுத்தார்கள். மோட்டாரை மட்டும் மாற்ற முடியாதா என்று கேட்டால், கம்பெனி அதைத் தனியாகத் தருவதில்லையாம். மோட்டார், வடிகட்டி, அழுத்தத்தைச் சீராக்கும் வால்வு, பெட்ரோல் அளவு காட்டும் மிதவை எல்லாவற்றையும் ஒரே தட்டில் பொருத்தி ஒரே பார்ட் நம்பர் கொடுத்திருக்கிறார்கள். ஒன்று கெட்டால் நாலையும் வாங்க வேண்டும்.

எங்கள் உடுமலை, பொள்ளாச்சிப் பக்கம் கிணற்று மோட்டார் கருகினால் யாரும் தூக்கிப் போடுவதில்லை. காயில் கட்டி, புஷ் மாற்றி, மறுபடியும் கிணற்றில் இறக்குவோம். என் அப்பா ஒரே மோட்டாரை மூன்று தடவை காயில் கட்டி ஓட்டினார். அப்படி வளர்ந்தவனுக்கு அந்த 5,800 ரூபாயைக் கொடுக்க மனம் வரவில்லை. வண்டியைத் திரும்ப வீட்டுக்கே கொண்டுவந்துவிட்டேன்.

முதலில் ஃப்யூஸ், பம்புக்குக் கரண்டை விடும் சுவிட்சான ரிலே இரண்டையும் பார்த்தேன். அப்புறம் பம்புக்குப் போகும் வயர் இணைப்பில் (கப்ளர்) மீட்டர் வைத்தேன். சாவி போட்டதும் 12 வோல்ட் வந்து, இரண்டு விநாடியில் நின்றது. கரண்ட் சரியாக வருகிறது, மோட்டார்தான் சுற்றவில்லை. இந்தச் சோதனையைச் செய்யாமல் யாரும் பம்பைக் கழற்ற வேண்டாம். ஐந்து ரூபாய் ஃப்யூஸ் போனதற்குப் பம்பையே மாற்றியவர்களை எனக்குத் தெரியும். கோயம்புத்தூரில் உதிரிபாகக் கடையில் மோட்டார், வடிகட்டி, கேஸ்கட் மூன்றும் சேர்த்து 1,300 ரூபாய்க்குக் கிடைத்தன.

ஞாயிற்றுக்கிழமை மாலை வாசலில் உட்கார்ந்து வேலையை ஆரம்பித்தேன். பேட்டரியின் நெகட்டிவ் வயரைக் கழற்றியாயிற்று. பெட்ரோல் குழாயைத் துணி சுற்றிப் பிடித்து உருவினேன், ஏனென்றால் உள்ளே அழுத்தம் மிச்சமிருந்தால் முகத்தில் பீய்ச்சும். டேங்கைக் கவிழ்க்கிற நேரத்தில் அம்மா விளக்கேற்ற வாசலுக்கு வந்துவிட்டார். "அம்மா, இன்னைக்கு உள்ளேயே ஏத்திடுங்க" என்று கத்தினேன். பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது, தரையோடு தவழ்ந்து போய் எங்கேயோ இருக்கிற நெருப்பைப் பிடிக்கும். அடுப்பு, கொசுவர்த்தி, வாசல் விளக்கு எதுவும் பக்கத்தில் இருக்கக் கூடாது. எனக்கே அது முன்கூட்டித் தோன்றவில்லை என்பதால்தான் இதை இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன். பகலில், திறந்த வெளியில், பக்கத்தில் ஒரு வாளி மணலோடு செய்யுங்கள்.

டேங்கில் இருந்ததை ஒரு கண்ணாடிப் பாட்டிலில் கொஞ்சம் பிடித்து வைத்தேன். சிறிது நேரத்தில் அது இரண்டாகப் பிரிந்தது. மேலே பெட்ரோல், அடியில் ஒரு விரற்கடை உயரத்துக்குக் கலங்கலாக வேறொன்று. பெட்ரோலில் இப்போது 20 சதவீதம் வரை எத்தனால் இருக்கிறது. எத்தனால் தண்ணீரை இழுத்துக்கொள்ளும். தண்ணீர் அளவு மீறினால் இரண்டும் சேர்ந்து அடியில் இறங்கிவிடும். பம்ப் உறிஞ்சுவதும் அந்த அடியிலிருந்துதான். கழற்றிய வடிகட்டி காப்பிச் சக்கை ஒட்டியதுபோல் இருந்தது. விரலால் தேய்த்தால் துருத்தூள் நறநறத்தது.

எத்தனால்தான் பம்பைக் கெடுத்தது என்று நான் சொல்ல வரவில்லை. டேங்க் மூடியைச் சுற்றியுள்ள பள்ளத்தில், மழைநீர் வடிய ஒரு சிறு ஓட்டை இருக்கும். என் வண்டியில் அது மண் அடைத்துக் கிடந்தது. மூடியின் ரப்பரும் தேய்ந்திருந்தது. தேங்கிய தண்ணீர் உள்ளே போகாமல் என்ன செய்யும்? இன்னொரு தப்பும் என்னுடையது. நூறு ரூபாய்க்கு மட்டும் பெட்ரோல் அடித்து, எப்போதும் ரிசர்விலேயே ஓட்டுவேன். அந்த மோட்டாரைக் குளிர்விப்பதே சுற்றியிருக்கிற பெட்ரோல்தான். டெலிவரி வேலைக்கு ஓடும் தம்பிகள் பலரும் இப்படித்தான் ஓட்டுகிறார்கள். கால் டேங்காவது வைத்திருங்கள் தம்பிகளே.

மிச்ச வேலை பெரிதில்லை. பழைய மோட்டாரின் வயர் எந்தப் பக்கம் இருந்தது என்று போட்டோ எடுத்துக்கொண்டு புதியதை மாட்டினேன். மிதவைக் கம்பி வளையாமல் தட்டை உள்ளே இறக்கி, நட்டுகளை எதிரெதிராகக் கொஞ்சம் கொஞ்சமாக முறுக்கினேன். கேஸ்கட் புதிதாகத்தான் போட வேண்டும், பழையது கசியும். பெட்ரோல் ஊற்றி அரை மணி நேரம் கசிவு பார்த்துவிட்டு, சாவியை நாலைந்து தடவை போட்டுப் போட்டு நிறுத்தினேன். 'உய்ங்' சத்தம் கேட்டதும் அம்மாவே வெளியே வந்து எட்டிப் பார்த்தார்.

எல்லோரும் வீட்டில் இதைச் செய்ய வேண்டும் என்று சொல்லமாட்டேன். பழக்கமில்லாதவர்கள் தெருமுனை மெக்கானிக்கிடம் கொடுக்கலாம். ஆனால் அந்த மெக்கானிக்குக்கும் கம்பெனி தரமுள்ள மோட்டார் தனியாகக் கிடைக்க வேண்டாமா? 2022இல் மத்திய நுகர்வோர் விவகாரத் துறை 'பழுதுபார்க்கும் உரிமை'க்காக ஒரு குழு அமைத்தது, அந்த ஆண்டே டிசம்பரில் இணையதளமும் திறந்தது. கைப்பேசி, விவசாயக் கருவிகளோடு வாகனங்களும் அதில் உண்டு. அப்படியிருந்தும் என் வண்டியின் பம்ப் மோட்டாருக்கு ஒரு பார்ட் நம்பர் இல்லை.

பம்ப் மோட்டாரை ஏன் தனியாக விற்பதில்லை என்ற இந்த ஒரு கேள்வியை வாகன நிறுவனங்களிடம் தங்கள் நிருபர் கேட்டு, அவர்கள் சொல்லும் பதிலை வெளியிட வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகர்,
உடுமலைப்பேட்டை