குழந்தைகள் மரணத்தைப் பற்றிக் கேட்கும்போது

ஆசிரியருக்கு வணக்கம்.

நவம்பர் 2 கல்லறைத் திருநாளன்று எங்கள் குளச்சல் பகுதிக் கல்லறைத் தோட்டங்களில் மெழுகுவர்த்தி ஏற்றும் பெரியவர்களோடு குழந்தைகளும் நிற்கிறார்கள். "தாத்தா கிறிஸ்மஸுக்கு மோட்சத்துல இருந்து வருவாரா?", "அங்க மீன் கெடைக்குமா?" என்றெல்லாம் கேட்கிறார்கள். ஆடி அமாவாசையில் குமரி முக்கடலில் தர்ப்பணம் கொடுக்கும் அப்பாவிடம் பிள்ளை கேட்பதும் இதேதான்: காக்காவாக வந்த ஆச்சி எப்போது ஆச்சியாகத் திரும்புவாள்?

இதற்குச் சிரிப்பதும், "வாயை மூடு" என்று அதட்டுவதும் எனக்கு மிகுந்த வருத்தம் தருகிறது. ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைக்கு மரணம் ஒரு பயணம் அல்லது தூக்கம்; 1948இல் ஹங்கேரிய உளவியலாளர் மரியா நாகி வெளியிட்ட ஆய்வே இதைச் சொன்னது. போனவர் திரும்ப மாட்டார் என்பது பெரும்பாலும் ஏழு வயதை ஒட்டித்தான் பிடிபடும். ஆகவே "பாட்டி தூங்குகிறாள்" என்று சொல்லாதீர்கள். கேட்ட பிள்ளை இரவில் கண்மூடப் பயப்படும். "சாமி கூட்டிக்கொண்டார்" என்று மட்டும் சொன்னால், அடுத்து அம்மாவையும் கூட்டிக்கொள்வாரோ என்று கலங்கும். உடல் இனி இயங்காது, பாட்டி திரும்பி வரமாட்டாள் என்று முதலில் சொல்லுங்கள். நம் நம்பிக்கையைப் பிறகு சொல்லலாம். மோட்சத்தில் மீன் உண்டு என்று பிள்ளை நம்பினால் திருத்த அவசரப்பட வேண்டாம்.

2004 சுனாமியையும் 2017 ஒக்கிப் புயலையும் பார்த்த கடற்கரை இது. ஒக்கியில் பலரது உடல்கூடக் கிடைக்கவில்லை. கல்லறையே இல்லாத அப்பாவைப் பற்றிப் பிள்ளைகளிடம் என்ன சொல்வதென்று அம்மாக்கள் தவித்தார்கள். அங்கன்வாடிப் பணியாளர்களுக்கும் மறைக்கல்வி ஆசிரியர்களுக்கும் இதில் பயிற்சி அளிக்க மாவட்ட நிர்வாகமும் மறைமாவட்டங்களும் முன்வர வேண்டும்.

ஒரு வாசகி,
குளச்சல்.