எந்த விரல் என்று எழுது

யாழ்ப்பாணம்

அன்புள்ள மச்சான்,

உன் கடிதம் கிடைத்தது. இரவில் கை விறைத்து நித்திரை குழம்புகிறது என்று எழுதியிருந்தாய். அதற்கு வருகிறேன், முதலில் என் காலின் கதையைக் கேள்.

போன மாதம் கிணற்றடியிலிருந்து வந்து விறாந்தையில் ஏறினேன். "அம்மப்பா, நிலமெல்லாம் இரத்தம்" என்று பேத்தி கத்தினாள். குதிக்காலில் ஒரு தகர ஆணி. அது எப்போது ஏறியது என்று இன்றுவரை தெரியாது. நெருஞ்சி முள் குத்தினாலே ஊரைக் கூட்டியவன் நான், உனக்குத் தெரியும்.

கிளினிக்கில் டொக்டர் கண்ணை மூடச் சொல்லி, "தொடும்போது சொல்லுங்கள்" என்றார். காத்திருந்தேன். மனிதர் இன்னும் தொடங்கவில்லையே என்று கண்ணைத் திறந்தால், தொட்டு முடித்து நைலோன் நூலைப் பெட்டிக்குள் வைத்துக்கொண்டிருக்கிறார். 10 கிராம் அழுத்தத்தில் வளையும் நூலாம்.

15 வருடச் சீனி வருத்தம் நரம்பையும் அதற்கு இரத்தம் கொண்டுபோகும் நுண்குழாய்களையும் கெடுத்திருக்கிறது. உடம்பில் மிக நீளமான நரம்புகள் பாதத்துக்குப் போகிறவை; அதனால் கால்விரலில் தொடங்கி, மேசு (காலுறை) போட்டதுபோல விறைப்பு மேலேறுகிறது. முழங்கால் அளவுக்கு வரும்போது கைவிரல் நுனிகளிலும் தொடங்குமாம்.

இப்போது யோசித்தால், அது சொல்லாமல் வரவில்லை. இரண்டு வருடமாக இரவில் உள்ளங்கால் எரிந்தது. போர்வை பட்டாலே சுள்ளென்றது. உடம்புச் சூடு என்று நல்லெண்ணெய் பூசினேன். பிறகு எரிவு தானாக நின்றது. சுகமாகிவிட்டது என்று சந்தோஷப்பட்டேன்! எரிவைச் சொல்லவும் நரம்புக்குத் தெம்பில்லாமல் போயிருக்கிறது. முகம் கழுவக் கண்ணை மூடினால் தள்ளாடியதையும் வயதின் கணக்கில் எழுதிவிட்டேன்.

பி12 விற்றமினையும் பார்க்கச் சொன்னார். நான் சைவம்; வருடக்கணக்காகச் சீனிக்கு மெட்போமின் குளிசையும் போடுகிறேன். இரண்டாலும் அது குறையலாம். குறைந்தால் இதே விறைப்பு வரும். சாராயம் பற்றியும் கேட்டார். மனைவி பக்கத்தில் நின்றதால் பதில் சுருக்கமாக இருந்தது.

உன்னுடையது வேறு வகை போலத் தெரிகிறது. பெருவிரல், சுட்டுவிரல், நடுவிரல் விறைத்து, உதறினால் குறைகிறதென்றால் மணிக்கட்டில் நரம்பு நசுங்குகிறது போலும். ஒடுங்கிய வழி அது. நாள் முழுவதும் பெட்டி அடுக்குகிற கை வேறு. சின்னவிரல் என்றால் முழங்கையைப் பார்க்க வேண்டும். நீ ஷெல் துண்டு வாங்கிய அதே முழங்கை. எந்த விரல் என்று நீ எழுதவே இல்லையே!

நம் வகுப்பு கோல் காப்பாளனை நினைவிருக்கிறதா? முழங்காலுக்குக் கீழே வெளிப்பக்கம் ஷெல் கிழித்தபோது நரம்பு அறுந்தது. இன்றும் பாதத்தைத் தூக்க முடியாது. அவன் வலது செருப்பு நுனியில்தான் தேயும். அறுந்த நரம்பு வளர்ந்தாலும் நாளுக்கு ஏறத்தாழ 1 மில்லிமீற்றர்தான், அதுவும் வழி தப்பாமல் போனால். ஆகவே நீ லீவு கிடைக்கட்டும் என்று இருக்காதே, போய்க் காட்டு.

நல்லூர்க் கந்தன் கோயில் திருவிழாவுக்குக் கொடியேற இன்னும் இரண்டு கிழமை. 25 நாளும் வெறுங்காலோடு சுடுமணலில் நடந்தவனிடம், செருப்பில்லாமல் ஓரடியும் வைக்கக்கூடாது என்கிறார் டொக்டர். விடியற்காலையில் மணல் ஆறியிருக்கும், வீட்டுக்கு வந்ததும் பேத்தி உள்ளங்காலைப் பார்ப்பாள் என்று பேரம் பேசிக்கொண்டிருக்கிறேன். மனைவி இன்னும் சம்மதிக்கவில்லை.

அன்புடன்,
உன் பழைய வாங்குத் தோழன்