மஸ்கெலியா போய்வந்த கதை

கோத்தகிரி

அன்புள்ள சரோஜா,

உன் கடிதம் வந்தது. இந்தக் காலத்திலும் மை பேனாவில் நான்கு பக்கம் எழுதி அஞ்சலில் போடுகிறவள் எனக்குத் தெரிந்து நீ ஒருத்திதான். மூட்டுவலி தேவலை என்று எழுதியிருக்கிறாய். என்னுடையது அப்படியே இருக்கிறது. இந்த மலைச் சரிவில் வீடு கட்டிக்கொண்டு முழங்காலைக் குறை சொல்லி என்ன பயன்?

உன் அண்ணன் மகன் அமெரிக்காவிலிருந்து வந்து மண்டபம் பிடித்து, குடும்பம் முழுவதையும் ஒன்றுகூட்டப்போகிறான், ஆளுக்கொரு பனியனில் வம்ச மரம் அச்சடிக்கப்போகிறான், இதெல்லாம் நமக்குத் தேவைதானா என்று கேட்டிருக்கிறாய். தேவைதான் என்று நினைக்கிறேன். சரியான நேரத்தில்தான் கேட்டிருக்கிறாய், ஏனென்றால் மாசியில் நாங்களும் அப்படி ஒன்றுக்குத்தான் போய்வந்தோம். தம்பியும் நானும் என் மகளும் இலங்கை மலைநாட்டில் இருக்கிற மஸ்கெலியாவுக்குப் போனோம்.

விடுதியில் பொங்கல் விடுமுறைக்குப் பெட்டி கட்டும்போது நீங்கள் எல்லாரும் என்னைக் கேட்பீர்களே, நினைவிருக்கிறதா? “உனக்கு எந்த ஊர்?” கோத்தகிரி என்பேன். “அது இல்லை, பூர்வீகம் எது?” என்று விடமாட்டீர்கள். முசிறிப் பக்கம் என்று சொல்லித் தப்பித்துக்கொள்வேன். முசிறியை அப்போது நான் பார்த்ததுகூட இல்லை. ஒன்பது வயதுவரை நான் ஓடித் திரிந்தது அங்கே தேயிலைக்கு நடுவே, ஒரு லயத்தில். தோட்டத் தொழிலாளர்களுக்கு வரிசையாகக் கட்டிய ஒற்றை அறை வீடுகளுக்கு அதுதான் பெயர். அதைச் சொன்னால் ‘சிலோன்காரி’ என்று பெயர் வைத்துவிடுவீர்கள் என்று பயம். பள்ளிக்கூடத்தில் அந்தப் பெயர் ஏற்கெனவே வந்து ஒட்டிக்கொண்டிருந்தது.

எங்கள் குடும்பம் பிரிந்த விதம் உனக்கு ஓரளவு தெரியும். 1948-இல் இலங்கை கொண்டுவந்த குடியுரிமைச் சட்டத்தில் தோட்டத்து மக்கள் நாடற்றவர்கள் ஆனார்கள். 1964 அக்டோபரில் இரண்டு நாட்டுப் பிரதமர்கள், சாஸ்திரியும் சிறிமாவோவும் கையெழுத்திட்டார்கள். 9,75,000 பேரில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மிச்சம் 1,50,000 பேரைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று ஒப்பந்தம். அந்த மிச்சத்தையும் 1974-இல் பாதிக்குப் பாதி பிரித்துக்கொண்டார்கள். இங்கே வருகிறவர்களுக்கு வேலை கொடுக்கத்தான் தமிழக அரசு 1968-இல் நீலகிரியில் தேயிலைத் தோட்டம் போட ஆரம்பித்தது. அப்பா இந்தியாவுக்கு எழுதிப் போட்டார். அத்தை வீட்டுக்காரர் இலங்கைக்கு எழுதிப் போட்டார். ஒரே லயத்தில் அடுத்தடுத்த காம்பராவில், அதாவது அறையில், இருந்தவர்கள், இரண்டு விண்ணப்பத்தில் இரண்டு நாட்டுக்காரர்கள் ஆகிவிட்டார்கள். 1973-இல் நாங்கள் ரயில் ஏறினோம். அந்த ரயிலுக்கு அங்கே ஒப்பாரிக் கோச்சி என்று பெயர். ஏறினவர்களும் அழுதார்கள், நடைமேடையில் நின்றவர்களும் அழுதார்கள். தலைமன்னாரில் இராமானுஜம் கப்பல், இராமேசுவரம், மண்டபம் முகாம், அப்புறம் இந்த மலை.

சின்னத்தாத்தா குடும்பத்தின் கதை இன்னும் மோசம். இந்தியப் பாஸ்போர்ட் கையில் வந்தும் கிளம்புவதைத் தள்ளிப் போட்டார்கள். 1983 கலவரத்துக்குப் பிறகு கப்பலே நின்றுவிட்டது. இந்தியாவுக்குப் போகவும் வழியில்லை, அங்கே உரிமையும் இல்லை. 2003-இல் சட்டம் வந்துதான் அவர்கள் இலங்கைக் குடிமக்கள் ஆனார்கள்.

கிளம்புவதற்கு முன்னால் அப்பாவின் தகரப் பெட்டியைக் கவிழ்த்துப் போட்டோம். குடும்ப அட்டை, முகாமில் கொடுத்த சீட்டுகள், என்னுடைய பிறப்புச் சான்றிதழ். அந்தச் சான்றிதழை நீ பார்க்க வேண்டும். பாட்டனார் இலங்கையில் பிறந்தவரானால் அவர் பிறந்த ஆண்டும் இடமும் எழுது என்று ஒரு கட்டம் இருக்கிறது. தகப்பன் வழியில் யார் யார் எங்கே பிறந்தார்கள் என்று சான்று கேட்டு எங்களை வெளியே நிறுத்திய சட்டத்தின் தடம் அது. இன்றைக்குப் பார்த்தால், தாத்தா பிறந்த தோட்டத்தின் பெயர் எழுத்தில் இருக்கும் ஒரே இடமும் அந்தக் கட்டம்தான். ஆளை நீக்குவதற்கு வைத்த கேள்வியில் அகப்பட்டுத்தான் எங்கள் தாத்தா தப்பிப் பிழைத்திருக்கிறார்.

முதலில் முசிறிப் பக்கத்துக் கிராமத்துக்குப் போனோம். தம்பிக்கு அங்கேதான் ஆசை. பஸ்ஸைவிட்டு இறங்கிப் பெயரைச் சொல்லி விசாரித்தோம். டீக்கடையில் இருந்தவர்கள் முகம் ஒரு மாதிரி ஆனது. கொஞ்ச நேரத்தில் ஒருவர் நேராகவே கேட்டுவிட்டார்: “பட்டா, சிட்டா ஏதாவது பார்க்க வந்திருக்கிறீர்களா?” நிலத்தில் பங்கு கேட்டு வந்திருக்கிறோம் என்று நினைத்துவிட்டார்கள். நூறு வருடம் கழித்துத் திடீரென்று ஒருவர் வந்து ‘நான் உங்கள் பங்காளி’ என்றால் யாருக்குத்தான் வயிறு கலங்காது? நிலமெல்லாம் வேண்டாம், மதுரை வீரன் கோயிலைப் பார்த்தால் போதும் என்றதும் மோர் வந்தது. எண்பதைத் தாண்டிய ஒரு பெரியவர், “கண்டிக்குப் போன குடும்பம் ஒன்று உண்டு என்று என் ஆத்தா சொல்லும்” என்றார். அவ்வளவுதான். பெயரும் இல்லை, வீடும் இல்லை. கோயிலுக்கு இப்போது கிரானைட் தரை, டைல்ஸ் சுவர். நாங்கள் கும்பிட்டோம். தம்பி கோயில் வாசலில் ஒரு பிடி மண் எடுத்து மஞ்சள் துணியில் முடிந்துகொண்டான். எனக்குக் கண் கலங்கும் என்று என் மகள் கைக்குட்டையோடு தயாராக நின்றாள். ஒன்றும் ஆகவில்லை. வெயில் அதிகமாக இருக்கிறது என்று மட்டும் தோன்றியது.

மஸ்கெலியாவில் அப்படி இல்லை. கொழும்பிலிருந்து ஹட்டன் வரை ரயில், அப்புறம் பஸ். மலையேறும்போதே வாசனை தெரிந்துவிட்டது. ஸ்டோரில், அதுதான் தேயிலை ஃபாக்டரியில், கொழுந்து வாடுகிற அந்த வாசனை கோத்தகிரியிலும் இருக்கிறது, ஆனாலும் எனக்கு வேறுபாடு தெரிந்தது. மகள் சிரித்தாள். சிரிக்கட்டும்.

காலையில் ஆட்களைக் கூட்டி வேலை பிரித்துக் கொடுக்கிற பிரட்டுக்களத்துக்குப் பக்கத்திலேயே அத்தை நின்றுகொண்டிருந்தார். கொழுந்துக் கூடையின் கயிறு அழுத்தி அழுத்தி அவர் முன்தலையில் தடம் விழுந்திருக்கிறது. எங்களைக் கட்டிக்கொண்டு அழுது முடித்ததும் அவர் எடுத்த முதல் பேச்சு பசுமாடு. அப்பா புறப்படும்போது மாட்டை மாமாவுக்குக் கடனுக்கு விற்றிருக்கிறார், பணம் வரவே இல்லை. அதை அப்பா சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தார். “அந்த மாடு மூன்றாம் மாதமே செத்துப் போனது, அதனால் பாக்கி ஒன்றும் கிடையாது” என்று அத்தை கறாராகச் சொன்னார். ஐம்பது வருடமாக இந்தப் பதிலை வைத்துக்கொண்டு காத்திருந்திருக்கிறார். தம்பி வட்டியும் சேர்த்துக் கேட்டான். அன்று இரவு முழுவதும் அந்தச் சண்டைதான், சிரிப்புதான்.

லயம் அப்படியே இருக்கிறது. அந்தப் பத்தடிக்குப் பன்னிரண்டடிக் காம்பரா, அதே கரி படிந்த அடுப்பு மேடை. தகரம் மட்டும் புதிது. அதைப் பார்த்து எனக்கு ஏக்கம் வந்தது, உடனே ஏக்கப்படுவதற்கு வெட்கமும் வந்தது. நமக்குப் பழைய நினைவு, அத்தைக்கு அது இன்றைக்கும் மழை ஒழுகுகிற வீடு. என் மகள் படம் எடுத்துக்கொண்டே இருந்தாள். அத்தையின் பேத்தி கடைசியில் கேட்டுவிட்டாள்: “எங்கள் வீட்டில் அப்படி என்ன இருக்கிறது?” பூர்வீகம் தேடிப் போகிறவர்கள் எல்லாரும் இந்தக் கேள்வியை ஒருமுறை வாங்கிக்கொள்வது நல்லது.

நாங்கள் போனது காமன் கூத்து சமயம். சிவன் மன்மதனை எரித்த கதையை ஆடுகிற கூத்து அது. மாசி பிறந்து அமாவாசை கழிந்ததும் காமன் ஊன்றிவிடுவார்கள், பௌர்ணமிவரை இரவெல்லாம் தப்பு முழங்கும். கொழும்பில் கடைகளில் வேலை பார்க்கும் பையன்கள்கூட இதற்கென்று விடுப்பு எடுத்துக்கொண்டு வந்துவிடுகிறார்கள். அத்தையின் பேரன்தான் மன்மதன். ரதி வேடம் போட்டவன் ஹட்டனில் மூன்று சக்கர வண்டி ஓட்டுகிறவன். ஒன்றுகூடல் என்று தனியாக நாங்கள் எதுவும் ஏற்பாடு செய்யவில்லை. காமனுக்கு வந்தவர்கள் எல்லாரும் சொந்தமாகத்தான் இருந்தார்கள். யார் யாருக்கு என்ன முறை என்று அத்தை ஒரு கல்லில் உட்கார்ந்துகொண்டு சொல்லிக்கொண்டே வந்தார். தஞ்சாவூர், திருச்சிப் பக்கங்களிலும் காமன் எரிப்பது உண்டு. முசிறிப் பெரியவரிடம் அதைப் பற்றிக் கேட்கத் தோன்றாமல் போனதுதான் வருத்தம்.

தோட்டத்து ஆபீஸில் பழைய செக்ரோல், அதாவது தொழிலாளர் பெயரேடு, கிடைக்குமா என்று தம்பி அலைந்தான். 1972-இலும் 1975-இலும் தோட்டங்கள் அரசுடைமை ஆயின, 1992-இல் மறுபடியும் கம்பெனிகள் கைக்குப் போயின. இத்தனை கை மாறியதில் ஏடுகள் எங்கே போயினவோ. ஆனால் ஏட்டில் இருந்திருக்க முடியாத ஒன்றை அத்தை சொன்னார். எங்கள் குடும்பத்தில் முதன்முதலில் கடல் தாண்டியது அப்பாவின் பாட்டனார் என்றுதான் நாங்கள் நினைத்திருந்தோம். அவர் கைக்குழந்தையாக வந்தவராம். வந்தவர் அவருடைய அம்மா அழகாயி. தாது வருஷப் பஞ்சத்தில் புருஷன் செத்துப் போக, இரண்டு பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு, தோட்டத்துக்கு ஆள் சேர்த்துப் போகிற கங்காணி பின்னால் புறப்பட்டிருக்கிறாள். 1876-78 பஞ்சம் அது. அப்போது ரயிலேது, மன்னாரிலிருந்து மாத்தளை வரை காட்டு வழி நடைதான். வழியில் காலராவிலும் பசியிலும் செத்தவர்களுக்குக் கணக்கில்லை. இரண்டில் ஒரு பிள்ளை மலைக்கு வந்து சேரவில்லை. பெண் பிள்ளை. பெயர்கூட அத்தைக்குத் தெரிந்திருக்கிறது: பொன்னி. இதை அத்தைக்குச் சொன்னவர் அவருடைய பாட்டி, மருமகளாக வந்தவர். ஆண்கள் யாருக்கும் இந்தக் கதை தெரியவில்லை. அவர்கள் கேட்டதில்லையாம்.

2023-இல் தோட்ட மக்கள் வந்து இருநூறு ஆண்டு ஆனதை ஒட்டித் தலைமன்னாரிலிருந்து மாத்தளைக்கு அதே வழியில் ஒரு நடைப்பயணம் போனார்கள். அத்தையின் மூத்த பேரன் அதில் நடந்தவன். அழகாயி கதை அவனுக்கும் அன்றைக்குத்தான் தெரியும். “முன்னாடியே சொல்லியிருக்கக் கூடாதா?” என்று கோபித்துக்கொண்டான். “நீ நடக்கப் போவதாக என்னிடம் சொன்னாயா?” என்றார் அத்தை.

மறுநாள் நீர்த்தேக்கத்தின் கரைக்குக் கூட்டிப் போனார். பழைய மஸ்கெலியா டவுன் மவுசாகலைத் தண்ணீருக்கு அடியில்தான் இருக்கிறது. நான் சின்னப் பிள்ளையாக இருந்தபோதே அணை வந்துவிட்டது. கடும் கோடையில் தண்ணீர் வற்றினால் பழைய கோயில் வெளியே தெரியும். நாங்கள் போனபோது தண்ணீர் நிறைந்து கிடந்தது. அத்தை கை நீட்டி, இங்கே கடைவீதி, இங்கே கோயில், இங்கேதான் உன் அம்மாவுக்குக் கூறைச்சேலை எடுத்தோம் என்று வெறும் தண்ணீரைக் காட்டிக்கொண்டு வந்தார். தம்பி அப்போதுதான் மண் முடிச்சை எடுத்தான். லயத்துக்கு மேலே ஒரு மரத்தடியில் இருக்கிற மதுரை வீரன் கல்லடியில் போடலாம் என்றான். அத்தை வாங்கிப் பார்த்தார். “இது எதற்கு? அழகாயி அப்போதே கொண்டுவந்து போட்டாயிற்று. இனிமேல் நீங்கள்தான் இங்கிருந்து எடுத்துக்கொண்டு போக வேண்டும்” என்றார். இவ்வளவு நாளாக எந்த ஊர் என்று கேட்டவர்களுக்கெல்லாம் நான் சொல்லத் தயங்கியதை அவர் ஒரே வாக்கியத்தில் முடித்துவிட்டார். முசிறி எனக்கு ஒரு செய்தி. ஊர் இதுதான்.

சரி, உன் விஷயத்துக்கு வருகிறேன். உன் அண்ணன் மகன் வரைந்த வம்ச மரத்தை அனுப்பியிருந்தாயே, பார்த்தேன். ஆறு தலைமுறை, அத்தனையும் ஆண்கள். உன் பெயரே இல்லை! உன் பாட்டி வீட்டார் யார், எந்த ஊரிலிருந்து பெண் எடுத்தார்கள், யார் சின்ன வயதில் இறந்தார்கள், யாருக்குச் சொத்துக் கொடுக்காமல் விட்டார்கள் என்று சொல்லக்கூடியவர் உங்கள் குடும்பத்தில் இப்போது காரியாபட்டிச் சின்னம்மா ஒருவர்தான். மண்டபத்தில் நூறு பேருக்கு நடுவே மைக்கைக் கொடுத்தால் அவர் ஒன்றும் பேசமாட்டார். அதற்கு முன்னால் நீ தனியாகப் போ. கீரை ஆய்ந்துகொண்டே கேள். போனைப் பதிவில் போட்டு ஒரு ஓரமாக வைத்துவிடு. தேதி கேட்காதே, அவருக்குத் தெரியாது. எந்தப் புயலுக்கு முன்னால், யார் கல்யாணத்துக்குப் பின்னால் என்று கேட்டால் தானாக வரும். பழைய சண்டைகளையும் விடாமல் கேள், உண்மை பெரும்பாலும் அதில்தான் இருக்கிறது.

எங்கள் வீட்டில் அடுத்த வேலை அத்தையை இங்கே அழைத்து வருவது. வாழ்நாளில் பாஸ்போர்ட் எடுத்ததில்லை, இப்போதுதான் விண்ணப்பம் கொடுத்திருக்கிறார். விமானம் வேண்டாமாம், அண்ணன் போன மாதிரி கப்பலில்தான் வருவாராம். தலைமன்னார் கப்பல் ஏது இப்போது? காங்கேசன்துறையிலிருந்து நாகப்பட்டினத்துக்கு 2023-இல் கப்பல் விட ஆரம்பித்திருக்கிறார்கள், அதைத்தான் தம்பி விசாரித்துக்கொண்டிருக்கிறான். மஸ்கெலியாவிலிருந்து வடக்கே அவ்வளவு தூரம் பஸ்ஸில் வரவேண்டும், எண்பது வயதில் தாங்குவாரா என்று எனக்குக் கவலை. அவருக்கு இல்லை. தேதி முடிவானதும் எழுதுகிறேன். நாகப்பட்டினம் வரைக்கும் நீயும் வருகிறாயா?

அன்புடன்,
தனலெட்சுமி