கொடுத்தும் தேறாத பிள்ளை

அகளியில் இருக்கும் என் கண்ணுக்கு,

கொழிஞ்சாம்பாறையில் எல்லோரும் சுகம். சத்துமாவு கொடுத்தும் உன் ஊர்ப் பையன் ஒருவன் ஏன் தேறவில்லை என்று நேற்று நீ போனில் கேட்டபோதே பதில் சொல்லியிருப்பேன். உன் அப்பா டிவி சத்தத்தைக் குறைத்தால்தானே! பாதி காதில் விழவில்லை. எழுதுவது நல்லதுதான், நிதானமாகச் சொல்லலாம்.

பதினான்கு மாதப் பையன், ஏழு கிலோ சில்லறை, மேல்கைச் சுற்று 12 சென்டிமீட்டர், கை அளக்கும் நாடாவில் மஞ்சள், அதாவது சிவப்புக்கு முந்தின எச்சரிக்கை. அங்கன்வாடியில் கொடுக்கும் அமிர்தம் பொடி என்ற சத்துமாவு மாதாமாதம் போகிறது, அவன் அம்மாவும் ஊட்டுகிறேன் என்கிறாள், எடை மட்டும் ஏறவில்லை. "அவள் பொய் சொல்கிறாள், பொடியை வீட்டில் பெரியவர்கள் உருண்டை பிடித்துத் தின்கிறார்கள்" என்று கூட்டத்தில் ஒருவர் சொன்னாராமே. அப்படி நடக்கும் வீடுகளும் உண்டு, இல்லை என்று சொல்லமாட்டேன். அங்கன்வாடியில் இருந்த காலத்தில், டீக்குத் தொட்டுக்கொள்ள அமிர்தம் பொடி உருண்டை தின்ற தாத்தாக்களை நானே பார்த்திருக்கிறேன். அதனால் முதலில் வீட்டுக்குப் போய், அவள் ஊட்டும்போது பக்கத்தில் உட்கார்ந்து பார். பொடி பிள்ளை வாய்க்குள்தான் போகிறது என்று கண்ணால் பார்த்த பிறகும் எடை ஏறவில்லை என்றால், அவளைக் குற்றம் சொல்லாதே.

ஆப்பிரிக்காவில் மலாவி நாட்டில் 317 ஜோடி இரட்டைப் பிள்ளைகளை மூன்று வயது வரை கவனித்தார்கள். 2013இல் அது வெளிவந்தது. ஒரே வயிற்றுப் பிள்ளைகள், ஒரே வீடு, ஒரே கஞ்சி. அப்படியும் நூற்றுக்கு 43 ஜோடிகளில் ஒரு பிள்ளை நன்றாக இருக்க, மற்றது ஊட்டக்குறைவில் விழுந்தது. சில பிள்ளைகளுக்குக் கால் வீங்கி, முடி வெளுக்கும் குவாஷியார்கர் என்ற கடுமையான ஊட்டக்குறைவு நோய். எந்த அம்மாவும் ஒரு பிள்ளைக்கு ஊட்டி இன்னொன்றைப் பட்டினி போடமாட்டாள். வித்தியாசம் பிள்ளைகளின் மலத்தில் இருந்த கிருமிக் கூட்டத்தில் தெரிந்தது. அந்தக் கிருமிகளை எடுத்து, கிருமியே படாமல் வளர்த்த எலிகளுக்குக் கொடுத்து, மலாவிக்காரர்கள் சாப்பிடும் அதே சாப்பாட்டையும் போட்டார்கள். சில ஜோடிகளில், நோயாளிப் பிள்ளையின் கிருமியைப் பெற்ற எலிகள்தான் நன்றாக மெலிந்தன. கிருமி மட்டும் தனியாக இதைச் செய்யவில்லை, சத்தில்லாத சாப்பாடும் சேர்ந்தபோதுதான். எனக்கு அந்த இடம் முக்கியமாகப் படுகிறது.

ஊரில் அம்மாக்களுக்கு இதை எப்படிச் சொல்வது என்று யோசிப்பாய். மாட்டிலிருந்து ஆரம்பி. வைக்கோலைக் கரைப்பது மாடு இல்லை, அதன் வயிற்றில் குடியிருக்கும் கிருமிகள். நம் பிள்ளைகளுக்கும் பெருங்குடலில் அப்படி ஒரு கூட்டம் இருக்கிறது. தாய்ப்பாலில் ஒருவகைச் சர்க்கரை உண்டு, அதைப் பிள்ளையால் செரிக்க முடியாது. அது பைஃபிடோ என்ற கிருமிக்கான தீனி. தாய்ப்பால் குடிக்கும் பிள்ளையின் வயிற்றில் அது செழிப்பாக இருக்கும். கஞ்சி, பருப்பு, பழம் என்று ஆரம்பித்ததும் வேறு கிருமிகள் ஒவ்வொன்றாக வந்து சேரும். இரண்டு மூன்று வயதில் பெரியவர்களுடையது போல ஆகிவிடும்.

டாக்காவில் தஹ்மீத் அகமது என்ற டாக்டரும், அமெரிக்காவில் செயின்ட் லூயிஸ் நகரத்து ஜெஃப்ரி கார்டனும் சேர்ந்து இதைப் பல வருடமாகப் பார்த்து வருகிறார்கள். நல்ல ஆரோக்கியமான பிள்ளைகளின் மலத்தை மாதாமாதம் எடுத்து, எந்த மாதத்தில் எந்தக் கிருமி இருக்கும் என்று கணக்கு எடுத்தார்கள். அந்தக் கணக்கில் வைத்துப் பார்த்தால் மிகவும் மெலிந்த பிள்ளைகளின் வயிறு வயதுக்குப் பின்தங்கி நிற்கிறது. ஒன்றரை வயதுப் பிள்ளைக்கு அதைவிடச் சின்னப் பிள்ளையின் கிருமிக் கூட்டம். பாக்கெட் மருத்துவ உணவு கொடுத்தபோது கொஞ்சம் தேறியது, நிறுத்தியதும் பழையபடி ஆனது. இது 2014இல் வந்தது. ஆஸ்பத்திரியில் தேறி வந்த பிள்ளை மறுபடி இளைத்துப்போவதை நான் அவ்வளவு பார்த்திருக்கிறேன். ஒவ்வொரு தடவையும் திட்டு வாங்கியது அம்மாதான்.

அடுத்து, "சுத்தம் இல்லை, அதனால்தான்" என்பார்கள். வங்கதேசம், கென்யா, ஜிம்பாப்வே மூன்று நாடுகளிலும் கிராமம் கிராமமாகக் கக்கூஸ் கட்டி, தண்ணீரில் குளோரின் போட்டு, கை கழுவ ஏற்பாடு செய்து பார்த்தார்கள். 2018, 2019இல் முடிவு வந்தது. அதை மட்டும் செய்த இடங்களில் பிள்ளைகளின் உயரம் கூடவில்லை. அதற்காகக் கக்கூஸ் வேண்டாம் என்று அர்த்தம் இல்லை. அந்தப் பெண்ணின் வீட்டுத் திண்ணையைக் காட்டி அவள் மேல் பழி போடாதே என்கிறேன், அவ்வளவுதான். குடலே கெட்டிருக்கலாம். 1960களிலேயே வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் செல்வின் பேக்கர் இதைப் பார்த்திருக்கிறார். நோய் என்று எதுவும் இல்லாத நம் ஊர்க்காரர்களின் சிறுகுடலில்கூட, சத்தை உறிஞ்சும் விரல் போன்ற நீட்சிகள் மழுங்கி இருந்தன.

சரி, பின்னே என்னதான் கொடுப்பது? அதே டாக்காக்காரர்கள் மீர்பூர் குடிசைப் பகுதியில், உன் பையன் வயதுப் பிள்ளைகளுக்கு, ஒரு வயதிலிருந்து ஒன்றரை வயது வரை, மூன்று மாதம் ஒரு கலவை கொடுத்தார்கள். கடலை மாவு, சோயா மாவு, நிலக்கடலை விழுது, பச்சை வாழைக்காய். பின்தங்கிய கிருமிகளுக்கு எது பிடிக்கும் என்று எலியிலும் பன்றிக்குட்டியிலும் சோதித்துத் தேர்ந்தெடுத்தவை இவை. கூட இன்னொரு குழுவுக்கு அரிசியும் பருப்பும் பால் பவுடரும் கலந்த வழக்கமான பாக்கெட். கடைசி வரை இருந்தவை 118 பிள்ளைகள். வழக்கமான பாக்கெட்டில் கலோரி அதிகம், ஆனாலும் வாழைக்காய்க் கலவை சாப்பிட்டவர்களுக்குத்தான் எடை நன்றாக ஏறியது. 2021இல் இதைப் படித்தபோது எழுந்து போய் அமிர்தம் பொடி பாக்கெட்டை எடுத்துப் பார்த்தேன். 100 கிராமில் கோதுமை 45, கடலைப்பருப்பு 15, சோயா 10, நிலக்கடலை 10, சர்க்கரை 20. நான்கில் மூன்று நம் குடும்பஸ்ரீ சுயஉதவிக் குழுப் பெண்கள் வறுத்து அரைக்கும் பொடியிலேயே இருக்கின்றன. நான்காவது, குன்னங்காய் என்று நாம் சொல்லும் வாழைக்காய், நம் வீட்டு அடுக்களையில் தொங்குகிறது.

உடனே "குன்னங்காய்ப் பொடியை அந்தக் காலத்திலேயே கொடுத்தார்கள், பாட்டிகளுக்குத் தெரியாததா" என்று ஆரம்பித்துவிடாதே. எனக்கு அந்தப் பேச்சே பிடிக்காது. குன்னங்காய்க் குறுக்கு என்ற கஞ்சியை மட்டும் குடித்து வளர்ந்த பிள்ளைகள் கன்னம் உப்பலாக இருக்கும், புரதம் இருக்காது. டாக்காவில் ஜெயித்தது கலவை. அதுவும் அளந்து, தினம் இரண்டு வேளை, வைட்டமினும் தாதுக்களும் சேர்த்து. அமிர்தம் பொடியில் கோதுமையும் சர்க்கரையும்தான் கனம். இரண்டும் ஒன்று என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் பொடியைக் காய்ச்சும்போது ஒரு ஸ்பூன் குன்னங்காய் மாவும், நன்றாக அரைத்த வறுத்த நிலக்கடலையும், இறக்கியபின் கொஞ்சம் தேங்காய் எண்ணெயும் சேர்ப்பதில் கெடுதல் இல்லை. கடலையில் பூஞ்சை வாசம் வந்தால் தூக்கிப் போடு. முழுக் கடலை வேண்டவே வேண்டாம், தொண்டையில் சிக்கும். அங்கே ராகியும் துவரையும் விளைகிறதே, அதையும் ஒரு வேளைக்கு வைக்கச் சொல். நாக்கால் வெளியே தள்ளினால் பிடிக்கவில்லை என்று விட்டுவிடுவார்கள். அரை மணி கழித்து மறுபடி கொடுத்தால் வாங்கும்.

மருந்து விஷயத்தில் ஜாக்கிரதை. ஆன்டிபயாடிக் நல்ல கிருமியையும் கொல்லும் என்று கேட்டுவிட்டு, அதை நிறுத்தச் சொல்லிவிடாதே. நாடாவில் சிவப்பு வந்த பிள்ளைக்கு டாக்டர் எழுதினால் கொடுத்தே ஆகவேண்டும். மலாவியிலேயே, அப்படிக் கொடுத்த பிள்ளைகளில் சாவு குறைந்தது. ஆனால் சாதாரண வயிற்றுப்போக்குக்குக் கடையில் வாங்கி ஊற்றுகிறார்களே, அதைத்தான் தடுக்க வேண்டும். அதற்கு ஓஆர்எஸ்ஸும் 14 நாள் ஜிங்க் மாத்திரையும் போதும். மூன்றாம் நாளே நின்றுவிட்டது என்று ஜிங்க்கை விட்டுவிடுவார்கள், விடக்கூடாது.

உன் நோட்டில் "காரணம்" என்று ஒரு கட்டம் போட்டிருப்பதாகச் சொன்னாய். அதில் "தாயின் கவனக்குறைவு" என்று எழுதாதே. கடந்த மூன்று மாதத்தில் எத்தனை தடவை பேதி, எந்த மருந்து, தாய்ப்பால் இன்னும் உண்டா, ஒரு நாளில் எத்தனை வேளை, என்னென்ன கலந்து என்று எழுது. கட்டம் போதாது, பக்கத்துத் தாளையும் சேர்த்துக்கொள். எடை ஏறாவிட்டால் அந்த நோட்டோடு கோட்டத்தறை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போ, அம்மாவைத் தனியாக அனுப்பாதே.

குன்னங்காய் மாவு இரண்டு கிலோ காயப் போட்டிருக்கிறேன். சனிக்கிழமை உன் அப்பா மண்ணார்க்காடு வரை வருகிறார், பஸ் ஸ்டாண்டில் வந்து வாங்கிக்கொள்.

அம்மா