ஞாயிறு சந்திப்பு: தோண்டி எடுத்த போடோகார்ப்பஸ்

வணக்கம் போன்சாய் நண்பர்களே. வரும் ஞாயிறு காலை 9 மணிக்கு வழக்கமான புளோக் கீழ்த்தளத்தில் சந்திக்கிறோம். இம்முறை பேசப்போவது சிங்கப்பூரின் சொந்த மரமான போடோகார்ப்பஸ் பாலிஸ்டாகியஸ். பைன் மரத்துக்குத் தூரத்து உறவுதான், ஆனால் கூம்பைத் தேடினால் கிடைக்காது. சதைப்பற்றான காம்பின் நுனியில் ஒற்றை விதை உட்கார்ந்திருக்கும்.

கடலோரப் பாறையிடுக்கில் பார்த்ததைப் போன்சாய்க்காகத் தோண்டலாமா என்று இருவர் கேட்டிருந்தீர்கள். வேண்டாம். பூங்காவிலோ இயற்கை வனப்பகுதியிலோ தேசியப் பூங்காக் கழகத்தின் அனுமதியில்லாமல் செடியைப் பறிப்பது குற்றம். தனியார் நிலத்தில் கட்டடம் கட்ட அகற்றும் மரமா, உரிமையாளரிடம் எழுத்தில் அனுமதி வாங்குங்கள். இல்லையென்றால் நர்சரிதான்.

என் தப்பையும் கேளுங்கள். தோண்டி எடுத்த மரத்தின் வேரை வெட்டிய அன்றே கிளையையும் கழித்து, வடிவத்துக்கு வளைக்கக் கம்பியும் சுற்றினேன். ஆறு வாரம் பச்சையாகவே நின்றது. பிழைத்துவிட்டது என்று எல்லாரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தேன். அப்புறம் பட்டையை நகத்தால் கீறினால் உள்ளே காய்ந்த பழுப்பு. இந்த வகை மரங்கள் செத்த பிறகும் வாரக்கணக்கில் பச்சை காட்டும்.

ஆகவே முதல் ஆண்டு வேரைத் தேற்றுவது மட்டும்தான் வேலை. பழைய மண்ணை முழுக்கக் கழுவாதீர்கள். மரத்தைத் தொட்டியோடு இறுக்கிக் கட்டுங்கள், ஆடினால் புது வேர்முனை அறுந்துவிடும். அடித்தட்டில் தண்ணீர் தேங்கக்கூடாது. டெங்கி சோதனைக்கு வந்தால் குழு காப்பாற்றாது!

கத்தரிக்கோலும் பழைய நாளிதழும் கொண்டு வாருங்கள். தே தாரிக் என் செலவு.