நாமக்கோழி இங்கேயும் இருக்கிறது, அப்பா

ஈஸ்ட் ஹாம், லண்டன்
மே 10

அன்புள்ள அப்பாவுக்கு,

உங்கள் கடிதம் வந்து ஐந்து வாரம் ஆகிறது. போனில் உங்களுக்குச் சரியாகக் காது கேட்பதில்லை, கடிதம் என்றால் நாலு தடவை படிப்பீர்கள் என்று தெரிந்தும் எழுதாமல் இருந்துவிட்டேன். மன்னித்துக்கொள்ளுங்கள். நைட் ஷிப்ட் முடிந்து வந்தால் பேனாவை எடுக்கத் தோன்றுவதில்லை. ஆனால் நேற்று பார்த்ததை உங்களிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்வேன்?

மேல் வீட்டுத் தாத்தாதான் கூட்டிப்போனார். விடியற்காலை ஜன்னலைத் திறந்துவைத்து, கேட்கிற பறவைச் சத்தத்தையெல்லாம் நோட்டில் எழுதுகிறவர். ரெய்ன்ஹாம் சதுப்பு. பர்ஃப்ளீட் ஸ்டேஷனில் இறங்கி தேம்ஸ் ஓரமாக நடந்தோம். மே மாதம் என்று பெயர்தான், காது மரத்துப்போகிற காற்று. அம்மா பின்னிய மஃப்ளர் காப்பாற்றியது.

இடத்தைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டேன். நாணல், தண்ணீர், அதற்கு அந்தப் பக்கம் குப்பைமேடு, ஓரமாகப் பறக்கிற ரயில். நம் பள்ளிக்கரணைச் சதுப்பேதான்! பெருங்குடிக் குப்பைக்கிடங்கு நாற்றம் மட்டும் இல்லை. பட்டாளத்துக்காரர்கள் வெகுகாலம் துப்பாக்கி சுடப் பழகிய இடமாம். 2000இல் பறவைப் பாதுகாப்புச் சங்கம் ஒன்று வாங்கி, 2006இல் எல்லோருக்கும் திறந்துவிட்டிருக்கிறார்கள். பட்டாளம் இருந்ததால்தான் யாரும் அங்கே வீடு கட்டவில்லை என்றார் தாத்தா.

முதலில் கண்ணில் பட்டது நாமக்கோழி. டிவிஎஸ் 50ஐ ரேடியல் ரோட்டில் ஓரங்கட்டி நீங்கள் காட்டுவீர்களே, அதே பறவை, அதே வெள்ளை நெற்றி. கூடவே ஐந்து குஞ்சு. தலை மட்டும் செக்கச்சிவப்பு, யாரோ குங்குமத்தைக் கொட்டிவிட்ட மாதிரி. தாத்தாவுக்குப் பெயர்க்காரணம் சொல்ல என் நெற்றியில் விரலால் நாமம் போட்டுக் காட்டினேன். நோட்டில் எழுதிக்கொண்டார். சாம்பல் நாரையும் நம்முடையதேதான். ஆள்காட்டி மட்டும் வேறு. இங்கே அதற்குத் தலையில் நீளமான கொண்டை. வானத்தில் ஏறிக் குட்டிக்கரணம் போட்டு விழுகிறது, தரையில் மோதிவிடுமோ என்று பதறினேன். குஞ்சு பக்கம் வந்த காக்கையை விரட்டிய வேகம் நம் ஊர் ஆள்காட்டியைப் போலவே.

மதியம் புளியோதரையும் கடைசி வடுமாங்காயும். பாட்டில் காலி, அம்மாவிடம் சொல்லுங்கள். தாத்தா காரத்தில் கண்கலங்கியும் இரண்டாவது தடவை கேட்டு வாங்கினார்.

திரும்பும்போது குயில் கூவியது. தாத்தா தொப்பியைக் கழற்றிக்கொண்டு அசையாமல் நின்றார். இந்த ஊர்க் குயில் வேறு ஜாதி. குக்கூ, குக்கூ என்று இரண்டே சுரம், அவ்வளவுதான். நம் வேப்பமரத்துக் குயில் ஒவ்வொரு கூவலுக்கும் மேலே மேலே ஏறுமே, அப்படி ஏறும் ஏறும் என்று காத்துக்கொண்டு நின்றேன். ஏறவே இல்லை. அப்பா, அந்த இடத்தில் எனக்கு அழுகை வந்துவிட்டது. காற்று என்று தாத்தாவிடம் சொன்னேன்.

நான் நன்றாக இருக்கிறேன். கூட இருந்த பெண் வேலை மாறிப் போய்விட்டாள், அறை முழுக்க எனக்கே, சௌகரியம்தான். இந்த மாதம் கொஞ்சம் குறைத்து அனுப்பியிருக்கிறேன், அடுத்த மாதம் சேர்த்து அனுப்புகிறேன்.

சரி, நம் வீட்டில் மாடி கட்டுகிற விஷயம். பள்ளிக்கரணைச் சதுப்பைச் சுற்றி ஒரு கிலோமீட்டருக்குள் கட்டட அனுமதியை நிறுத்திவைத்ததால் பிளான் கிடைக்கவில்லை என்று வருத்தப்பட்டு எழுதியிருந்தீர்கள். வருத்தம் வேண்டாம் அப்பா. 2015இல் நம் ஹாலில் முழங்கால் அளவு தண்ணீர் நின்றது, அது போக இடமில்லாமல்தானே? 2022இல் பள்ளிக்கரணையை ராம்சார் பட்டியலில், அதான் உலக அளவில் முக்கியமான சதுப்புநிலங்களின் பட்டியலில், சேர்த்த அன்று எனக்கு நீங்கள்தான் போன் செய்து சொன்னீர்கள். இருக்கிற சதுப்பாவது இருக்கட்டும். மாடி மெதுவாக வரட்டும், எனக்கும் பணம் சேர்க்க நாள் கிடைக்கும்.

யாரையாவது புரோக்கர் என்று நம்பி முன்பணம் கொடுக்காதீர்கள். சித்தப்பா சொன்னாலும் வேண்டாம். அம்மாவின் கண் ஆபரேஷனை அக்னி நட்சத்திரம் முடிந்ததும் வைத்துக்கொள்ளுங்கள். தங்கச்சி வளைகாப்புக்கு நாள் குறித்ததும் எழுதுங்கள், லீவு கேட்டுப் பார்க்கிறேன். மொட்டை மாடித் தண்ணீர்த் தொட்டி விரிசலை மழைக்கு முன்னால் பூசச் சொல்லுங்கள். பைனாகுலர் என் பீரோவில் கீழ்த் தட்டில், பழைய புடவைக்கு அடியில் இருக்கிறது. எடுத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் அன்பு மகள்