தண்ணீர் பாட்டிலில் பினாயில் விற்பதைத் தடுக்க வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்னை மடிப்பாக்கத்தில் 24 வீடுகள் கொண்ட அடுக்குமாடிக் குடியிருப்பில் வசிக்கிறேன். தமிழகக் காய்கறிகளில் பூச்சிமருந்து எச்சம் இருப்பதாகக் கேரளம் 2015இல் பிரச்சினை எழுப்பியபோது, பிள்ளைகளுக்கு நம்பிக்கையோடு சமைத்துப் போடக் கீரையாவது நாமே வளர்ப்போம் என்று எங்கள் வீட்டுப் பெண்கள் சிலர் மொட்டை மாடியில் ஒரு பொதுத் தோட்டம் தொடங்கினோம். தோட்டக்கலைத் துறை மானிய விலையில் தரும் மாடித் தோட்டத் தளையில் (கிட்) இருந்த பைகளும் தென்னை நார்க் கழிவுக் கட்டிகளும் விதைகளும்தான் எங்கள் முதல் மூலதனம். இன்று முளைக்கீரை, அரைக்கீரை, வெண்டை, கத்தரி எனப் பல வீடுகளுக்கு வாரத்தில் இரண்டு நாள் சமையலுக்கு அங்கிருந்தே பறித்துக் கொள்கிறோம்.

அந்தத் தோட்டத்தில் கடந்த மாதம் நடந்ததே இந்தக் கடிதத்துக்குக் காரணம். வெண்டையில் மாவுப்பூச்சி கண்டதால், லிட்டர் தண்ணீருக்கு 5 மில்லி வேப்பெண்ணெயும் கொஞ்சம் சோப்புக் கரைசலும் கலந்து ஒரு பழைய குடிநீர் பாட்டிலில் வைத்திருந்தோம். இந்தக் கலவை கலக்கியவுடன் பால்போல் வெளுத்துவிடும். அதே மூலையில், மாடிப்படி கழுவுவதற்காகத் தெரு வியாபாரியிடம் வாங்கிய வெள்ளைப் பினாயிலும் அதேபோன்ற பாட்டிலில், அதே நிறத்தில் இருந்தது. எனக்கு அன்று சளி பிடித்திருந்ததால் வாடை தெரியவில்லை. தெளிப்பானில் பினாயிலை ஊற்றி வெண்டைக்கும் பக்கத்தில் இருந்த நான்கு பை முளைக்கீரைக்கும் தெளித்துவிட்டேன். மறுநாள் காலையில் போய்ப் பார்த்தபோது கீரை இலைகள் வெந்நீரில் முக்கி எடுத்தவைபோல் துவண்டு கிடந்தன. இன்னும் இரண்டு நாளில் பறித்திருக்க வேண்டிய கீரை அது. செடிகளைப் பிடுங்கி, பைகளில் இருந்த மண்ணையும் கொட்டிவிட்டோம்.

கவனிக்காமல் தெளித்தது என் தவறு. அதை எங்கள் குழுவினரிடம் சொன்னபோதுதான், தரைத்தளத்துப் பாட்டி ஒருவர் தம் வீட்டில் நடந்ததைச் சொன்னார். சமையலறைத் தொட்டியின் கீழே வைத்திருந்த பினாயில் பாட்டிலை ஆறு வயதுப் பேரன் மோர் என்று நினைத்து மூடியைத் திறந்து வாயருகே கொண்டு போயிருக்கிறான். அவர் பாய்ந்து பிடுங்கியதால் தப்பினான். எங்களுக்குக் கீரையோடு போயிற்று. அங்கே ஓர் உயிரே போயிருக்கலாம்.

தெருத்தெருவாக வண்டியில் வரும் வியாபாரிகள் ஆசிட், பினாயில், பாத்திரம் தேய்க்கும் திரவம் எல்லாவற்றையும் குடிநீர் பாட்டில்களிலும் குளிர்பான பாட்டில்களிலும்தான் நிரப்பித் தருகிறார்கள். உள்ளே இருப்பது என்ன, எவ்வளவு வீரியம் என்று சொல்லும் ஒரு துண்டுச் சீட்டுகூட ஒட்டப்படுவதில்லை. அதனால்தான் கழிவறையில் பிளீச்சிங் பவுடரைத் தூவி, அதன் மேலேயே ஆசிட்டையும் ஊற்றுகிறார்கள். இரண்டும் சேர்ந்தால் குளோரின் வாயு கிளம்பும் என்பதும், காற்றோட்டமில்லாத சிறிய குளியலறையில் அது நுரையீரலையே தாக்கும் என்பதும் பலருக்குத் தெரியாது. யாராவது தவறுதலாகக் குடித்துவிட்டால் உப்புத் தண்ணீர் கொடுத்து வாந்தி எடுக்க வைக்கும் வழக்கம் இன்னும் நம் வீடுகளில் இருக்கிறது. ஆசிட் வெளியே வரும்போது உணவுக்குழாயை இரண்டாம் முறை சுடும். பினாயில் மூச்சுக்குழாய்க்குள் இறங்கும். வாந்தி எடுக்க வைக்காமல் உடனே 108ஐ அழைத்து, குடித்த பாட்டிலையும் மருத்துவமனைக்கு எடுத்துச் செல்வதே சரி. ஆனால் பெயர்ச்சீட்டே இல்லாத பாட்டிலைக் கொண்டுபோய்க் காட்டினால் மருத்துவருக்கு அதிலிருந்து என்ன தெரியும்?

ஆசிட் விற்பவர் பதிவேடு வைத்திருக்க வேண்டும், வாங்குபவரின் அடையாளச் சான்றைப் பார்க்க வேண்டும், 18 வயது நிரம்பாதவர்களுக்கு விற்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2013 ஜூலையில் உத்தரவிட்டது. எங்கள் தெருவுக்கு வரும் வண்டியில் அதன் சுவடே இல்லை. அந்த வியாபாரிகளின் பிழைப்பைக் கெடுக்க வேண்டும் என்பது என் நோக்கமன்று. பினாயில் தயாரிக்கும் மகளிர் சுயஉதவிக் குழுக்கள் பல இருக்கின்றன. அவர்களுக்கும் வண்டி வியாபாரிகளுக்கும், தண்ணீர் பாட்டிலோடு குழப்பிக்கொள்ள முடியாத நிறத்தில், குழந்தைகள் எளிதில் திறக்க முடியாத மூடி போட்ட கேன்களும், பொருளின் பெயரும் முதலுதவிக் குறிப்பும் தமிழில் அச்சிட்ட சீட்டுகளும் குறைந்த விலையில் கிடைக்க அரசு வழிசெய்ய வேண்டும். அதன் பிறகும் இவற்றைக் குடிநீர், குளிர்பான பாட்டில்களில் அடைத்து விற்றால் அபராதம் விதிக்கலாம்.

தோட்டக்கலைத் துறைக்கும் ஒரு வேண்டுகோள் உண்டு. மாடித் தோட்டத் தளையோடு தரும் கையேட்டில், வேப்பெண்ணெய்க் கரைசல், பஞ்சகவ்யம், மீன் கழிவையும் வெல்லத்தையும் ஊறவைத்துத் தயாரிக்கும் மீன் அமிலம் முதலியவற்றை எதில் ஊற்றி, எங்கே வைப்பது என்று ஒரு பக்கம் சேர்த்து, பாட்டில்களில் ஒட்டுவதற்குப் பத்துப் பெயர்ச்சீட்டுகளையும் உடன் தர வேண்டும். குறிப்பாக, மீன் அமிலம் என்ற பெயரில் ‘அமிலம்’ இருப்பதால், தோட்டப் பழக்கமில்லாதவர்கள் அதைக் கழிவறை ஆசிட்டோடு குழப்பிக்கொள்ள இடமிருக்கிறது. அடுத்த முறை தளைகள் வழங்கும்போதே இதைச் செய்ய முடியும்.

இப்படிக்கு,
மாடித் தோட்டக் குழு உறுப்பினர் ஒருவர்,
மடிப்பாக்கம், சென்னை.